ஆட்டோவுக்கு எஃப்.சி. கேட்கிற அரசே, வாடகை வீட்டுக்கு எங்கே எஃப்.சி.?



வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டியதில்லை. டூ-லெட் போர்டைப் பார்த்து காலிங் பெல் அடிச்ச நிமிஷத்துல இருந்து கேள்வி மேல கேள்வி. எத்தனை பேரு? என்ன வேலை? சொந்த ஊரு எது? கறி, மீன் சமைப்பீங்களா? "நீங்க எந்த ஆளுங்க?"ன்னு சுத்தி வளைச்சு சாதி. கல்யாணம் ஆகலைன்னா கதவு பாதி மூடும். முஸ்லிம் பேர்னா முழுசா மூடும். இத்தனையும் தாண்டினா ஆதார் நகல், கம்பெனி ஐ.டி., போட்டோ, அட்வான்ஸ்.

சரி, நீங்க திருப்பி என்ன கேட்டீங்க? இந்த வீட்டுக்கு எர்த் இருக்கா? வயரிங் எந்த வருஷம் இழுத்தது? பாத்ரூம் மேல் தளத்துல கம்பி ஏன் துருப்பிடிச்சு வெளியே தெரியுது? சம்ப் மூடி ஏன் உடைஞ்சு கிடக்கு? மொட்டை மாடியில கைப்பிடிச் சுவர் ஏன் முழங்கால் உயரத்துல நிக்குது?

கேட்டிருக்க மாட்டீங்க. கேட்டா வீடு கிடைக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். துணிஞ்சு கேட்டாலும் பதில் சொல்லியே ஆகணும்னு இந்த நாட்டுல எந்த ஓனருக்கும் கட்டாயம் இல்லை. அவர் சொல்ற பதில் உண்மையான்னு பார்க்க அரசுத் தரப்புல ஒரு ஆளும் இல்லை.

வாடகைக்கு வரும் மனிதரைச் சோதிக்க மட்டும் அரசுக்கு அத்தனை அக்கறை. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்து, குடியிருப்பவர்களின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஃபார்ம் அச்சடித்தார்கள், போட்டோ ஒட்டச் சொன்னார்கள், கொடுக்காத ஓனர் மீது வழக்கு என்றார்கள். வடமாநிலத் தொழிலாளி என்றால் இன்னும் கூடுதலாகச் சோதனை. உள்ளே வரும் ஆளால் ஆபத்து வரும் என்று அரசுக்கு ஒரே நாளில் தோன்றியது. அந்த ஆள் போய்ப் படுக்கும் வீட்டால் அவருக்கு ஆபத்து வரும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு ஆட்டோ ஓட்டுகிற தோழரைக் கேளுங்க. புது வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம். பிரேக் பார்ப்பார்கள், லைட் பார்ப்பார்கள், பெயின்ட் உரிந்திருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். லிஃப்டுக்கு 1997ல் இருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அரசு மின் ஆய்வாளர் பார்த்து உரிமம் கொடுக்காமல் லிஃப்டை இயக்கக் கூடாது. அரைமணி நேரம் உட்காரும் ஆட்டோவுக்கும் அரை நிமிஷம் நிற்கும் லிஃப்டுக்கும் சோதனை உண்டு. ராத்திரி முழுக்கப் பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிற வாடகை வீட்டுக்கு? கட்டும்போது வாங்கிய பிளான் அப்ரூவலோடு சரி. சின்னக் குடியிருப்புக் கட்டடம் என்றால் பணி நிறைவுச் சான்றிலிருந்துகூட விலக்கு. அதன்பிறகு முப்பது வருஷம், நாற்பது வருஷம் மாசாமாசம் வாடகை வாங்கலாம். ஒரு அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டார். சொத்து வரியை உயர்த்த அளவெடுக்க வருவார், அது வேறு விஷயம்.

2024 ஜூன் 12. குவைத் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்களைத் தங்கவைத்திருந்த கட்டடம் விடியற்காலையில் எரிந்தது. 50 பேர் செத்தார்கள். 45 பேர் இந்தியர்கள், அதில் 7 பேர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள். அது ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்த கட்டடம். மின்கசிவில் பிடித்த தீ என்றது குவைத் தீயணைப்புத் துறை. பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். அன்றைக்கே அந்த நாட்டு அமைச்சர் சம்பவ இடத்துக்கு வந்து, கட்டட உரிமையாளர்களின் பேராசைதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். உரிமையாளரைக் கைது செய்ய உத்தரவிட்டார். குவைத்தை நாம் தொழிலாளர் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கே நம்ம ஆட்கள் படும் பாடு தெரியும். ஆனால் அங்கேகூட "இந்தச் சாவுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவன் பொறுப்பு" என்ற வார்த்தை அரசின் வாயிலிருந்து வந்தது.

நம்ம தலைவர்கள் என்ன செய்தார்கள்? விமான நிலையத்தில் சவப்பெட்டிக்கு மாலை வைத்தார்கள். நிவாரணம் அறிவித்தார்கள். சரி, அது கடமை. அந்த ஏழு பேரைக் கொன்ற அதே மாதிரி வயரிங், அதே மாதிரி ஒற்றைப் படிக்கட்டு, திருப்பூரிலும் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எத்தனை கட்டடத்தில் இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? திருப்பூரில் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஈ.பி. சர்வீஸ், அதிலிருந்து எட்டு சப் மீட்டர், வெயிலில் வெளுத்துப் போன வயர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மேலே ஓடும், ஒரு அறைக்கு ஆறு ஆள், ஒவ்வொருத்தரும் இன்டக்‌ஷன் ஸ்டவ்.

மூன்றே மாசத்தில் மதுரை. 2024 செப்டம்பர் 12, கட்ராபாளையம் தெருவில் ஒரு பெண்கள் விடுதி. விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துப் புகை சூழ்ந்து, ஆசிரியர் வேலை பார்த்து வந்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அந்தக் கட்டடம் பழுதடைந்தது என்று மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்த செய்தி பிறகுதான் வெளியே வந்தது. பெண்கள் விடுதிகளுக்கு 2014லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வாங்கினால்தான் உரிமம் என்பது விதி. விதி இருந்தும், நோட்டீஸ் இருந்தும், ராத்திரி அங்கே பெண்கள் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஏன்? நோட்டீஸ் போகிறது கட்டட ஓனருக்கு. மாசம் ஐயாயிரம் ஆறாயிரம் கட்டி உள்ளே தங்கியிருக்கிற பெண்ணுக்கு அந்த நோட்டீஸின் நகல் போகாது. வாசலில் ஒட்டுவதும் இல்லை. யார் உயிருக்கு ஆபத்தோ அவருக்கு மட்டும் ரகசியம்!

"சட்டமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. பெயரே ஒரு முழ நீளம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 1960ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். எது யார் பொறுப்பு என்று இதன் பின்னிணைப்பில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். வாடகைக்கு இருக்கும் ஒவ்வொருத்தரும் இதைத் தெரிஞ்சு வைச்சுக்கணும்.

கட்டடத்தின் கட்டமைப்பு ரிப்பேர் ஓனர் பொறுப்பு (நீங்களே உடைத்தது தவிர). சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது ஓனர் பொறுப்பு. காலி பண்ணும்போது "பெயின்ட் காசு" என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்களே, அவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள். தண்ணீர்க் குழாய் மாற்றுவது ஓனர். உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங், அதன் பராமரிப்பு ஓனர். குழாயில் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக் பாயின்ட் ரிப்பேர், கீசர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர். படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் "சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர்" என்ற ஒரு வரியைக் குடியிருப்பவர் பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

வீட்டில் ஷாக் அடிக்குதுன்னு ஓனரிடம் சொன்னால் வழக்கமாக வரும் பதில் என்ன? "எம்.சி.பி. போட்டிருக்கேன் தம்பி, ஒண்ணும் ஆகாது." தப்பு. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 6 ஆம்பியர், 16 ஆம்பியர், 32 ஆம்பியர் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அந்த அளவைத் தாண்டிக் கரண்ட் ஓடினால்தான் அது விழும். மனித உடம்புக்கு அவ்வளவு எல்லாம் வேண்டாம். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இதயத்தை நிறுத்தப் போதும். நீங்கள் வாஷிங் மெஷினைத் தொட்டுத் துடித்துக்கொண்டிருப்பீர்கள், எம்.சி.பி. பாட்டுக்கு அசையாமல் இருக்கும். அதுக்குக் கணக்கில் இது ஒரு சின்ன பல்பு.

உங்களைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி. மின்வாரியம் இதை உயிர்காக்கும் சாதனம் என்றே சொல்கிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்தக் கரண்ட் வேறு எங்கேயோ, ஒருவேளை உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்றால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய். ஒரு மாச வாடகையில் கால் பங்குகூட வராது பல ஊர்களில். வீடு, கடை என்று எல்லா மின் இணைப்புக்கும் இதைப் பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023லேயே சொல்லிவிட்டது.

யார் பொருத்த வேண்டும்? "நுகர்வோர்." வாடகை வீட்டில் நுகர்வோர் யார்? ஈ.பி. கார்டு யார் பேரில் இருக்கோ அவர். ஓனர். ஆனால் ஓனர் என்ன சொல்வார்? "பிரேக்கர் எல்லாம் குடியிருக்கிறவங்க பார்த்துக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கே." இருக்கிற பிரேக்கரை ரிப்பேர் செய்வது வேறு, இல்லாத உயிர்காக்கும் சாதனத்தைப் புதுசாகப் பொருத்துவது வேறு. இது நமக்குத் தெரியும். வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் எந்த வாடகைக்காரர் இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானுக்காக வாதாடி, குடியிருக்கிற வீட்டை இழப்பார்? ஒரு சட்டம் ஒரு பக்கம், ஒரு ஆணை இன்னொரு பக்கம், நடுவில் ஈரத் துணியைக் கம்பிக் கொடியில் காயப்போடுகிற ஒரு அம்மா. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் இந்தச் செய்தியைப் படிக்கிறோம். காப்பாற்றப் போன கணவரும் பலி என்று அடுத்த வரி வரும். அந்தக் கொடியைக் கட்டிக்கொடுத்தது யார், அந்த வீட்டுக்கு ஆர்.சி.டி. இருந்ததா, வயரிங் எத்தனை வருஷம் பழசு என்று மூன்றாவது வரி வரவே வராது.

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். எல்லாம் புகாரை நம்பி நிற்கிறது. ஓனர் ரிப்பேர் செய்து தரவில்லையா? நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஒரு மாசத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்க முடியாத நிலையா? எழுத்தில் கேட்டும் செய்யவில்லை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்துவிடலாம். நல்லா கேட்டுக்குங்க, இடிந்து விழப்போகிற வீட்டுக்குச் சட்டம் தருகிற பெரிய நிவாரணம், நீங்கள் கிளம்பிப் போய்விடலாம் என்பது! நீங்கள் போன மறுநாள் அதே வீட்டில் டூ-லெட் போர்டு தொங்கும். அடுத்த குடும்பம் பால் காய்ச்சும்.

இன்னொரு வேடிக்கை. 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு, வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓனர் உள்ளே வரலாம். சட்டத்தில் வழி இருக்கிறது. நியாயம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையோ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையோ, தகுதியுள்ள ஒருத்தர் வந்து வீடு பாதுகாப்பானதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஆய்வு என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் ஓனரின் உரிமையாகத்தான் இருக்கிறது.

வாடகை அதிகாரியிடம் போகலாமே என்பார்கள். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. அவருக்குப் பட்டா மேல்முறையீடு, சாதிச் சான்று, தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் எல்லாம் போக மிச்ச நேரம் நமக்கு. அவரிடம் போகவும் கையில் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால்தான் பலம். எழுத்தில் ஒப்பந்தம், 90 நாளில் பதிவு என்பது சட்டம். நடைமுறையில்? இருபது ரூபாய் பத்திரத்தில் 11 மாச அக்ரிமென்ட். அதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சட்டத்துக்கு முன்னாலிருந்தே குடியிருப்பவர்கள் விஷயத்தில் கொடுமை என்னவென்றால், இருதரப்பும் ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். தவறு இரண்டு பேருடையது, தண்டனை ஒருத்தருக்கு. அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த வரியிலேயே "வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். பத்து மாச அட்வான்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தப் பத்து மாசப் பணம் ஓனர் கையில் மாட்டியிருக்கிறபோது, மேற்கூரை காரை பெயர்ந்து குழந்தை மேல் விழுந்தாலும் நீங்கள் பேசுவீர்களா? கடன் வாங்கிக் கட்டிய அட்வான்ஸ் அது. அட்வான்ஸ் பெருகப் பெருக புகார் குறையும்.

சட்டம் போட்டது ஒரு ஆட்சி. அமல்படுத்த வேண்டியிருந்தது அடுத்த ஆட்சி. இரண்டு பேரும் மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிழிப்பார்கள். வாடகை வீட்டுப் பாதுகாப்பு என்று வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மௌனம்.

அரசே ஓனராக, பொறுப்பாளராக இருக்கும் இடத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம். குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடியில் ஒரு பிளாக், 24 வீடு, அப்படியே சரிந்தது. ஒரு உயிரும் போகவில்லை. எப்படி? வாரியத்தின் பொறியாளர் வந்து பார்த்து எச்சரித்தாரா? இல்லை. விரிசல் பெரிசாவதைப் பார்த்து, அங்கே இருந்த மக்களே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு வெளியே வந்தார்கள். சாமான் எல்லாம் உள்ளே. உயிர் வெளியே. கண்ணால் ஒருத்தர் சரியான நேரத்தில் பார்த்தால் 24 குடும்பம் பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? நாம் கேட்பது அந்தப் பார்வையை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், ஒரு அதிகாரியின் வேலையாக ஆக்குங்கள் என்பதைத்தான்.

இதற்கு வரும் எதிர்ப்பும் நமக்குத் தெரியும். போன மாசம் இதைப் பற்றி ஒரு சின்னப் பதிவு போட்டபோதே கமெண்ட்டில் வந்தது. "ஆய்வு வைத்தால் வாடகை ஏறும். அதிகாரிக்கு லஞ்சம் கூடும். ரிட்டயர்ட் ஆன பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகையில் பிழைக்கிற பெரியவரை வதைக்காதீர்கள்."

பெரியவரைப் பற்றி முதலில். நம்ம கட்சித் தோழர்களிலேயே அப்படி மாடி போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு எதிரி இல்லை. அதே பெரியவர் கீழ் போர்ஷனில்தான் குடியிருக்கிறார். அதே வயரிங், அதே சம்ப், அதே செப்டிக் டேங்க். மேலே ஷாக் அடிக்கிற வீட்டில் கீழேயும் அடிக்கும். சின்ன ஓனருக்கு ஆய்வுக் கட்டணத்தையும் ஆர்.சி.டி. விலையையும் சொத்து வரியில் கழித்துக் கொடுங்கள் என்பதுதான் நம்ம நிலைப்பாடு. ஒரு பக்கம் முப்பது வீடு, ஐம்பது வீடு கட்டி விட்டுவிட்டு வேறு ஊரில் இருந்துகொண்டு ஆள் வைத்து வாடகை வசூல் பண்ணுகிறவர்களும், மேன்ஷன், பி.ஜி. நடத்துகிறவர்களும் இந்தப் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

லஞ்சம்? ஆர்.டி.ஓ. ஆபீஸில் லஞ்சம் இல்லையா? அதற்காக எஃப்.சி.யே வேண்டாம், பிரேக் இல்லாத பஸ் ஓடட்டும் என்று யாராவது சொல்கிறார்களா? உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, தன் உரிம எண்ணோடு கையெழுத்துப் போடட்டும். பொய்யான சான்று என்று தெரிந்தால் உரிமம் போகும் என்றால் யோசிப்பார். சான்றின் ஒரு நகல் குடியிருப்பவர் கைக்கு வரவேண்டும். உள்ளே இருப்பவர் கையில் காகிதம் இருந்தால், "எர்த் உண்டு" என்று எழுதிவிட்டு எர்த் இல்லாமல் விடுவது அவ்வளவு சுலபம் இல்லை. மதுரையில் நோட்டீஸ் நகல் அந்தப் பெண்கள் கையில் இருந்திருந்தால் அந்த ராத்திரி அவர்கள் அங்கே இருந்திருப்பார்களா?

வாடகை ஏறுவது? இப்போது ஏறாமலா இருக்கிறது? வருஷா வருஷம் பத்து பர்சென்ட் ஏற்றுகிறவர் எந்த ஆய்வுக்காக ஏற்றினார்?

இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு மின் சோதனை செய்து, அறிக்கையைக் குடியிருப்பவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். 2020ல் கொண்டுவந்த விதி. கேஸ் இணைப்பு என்றால் வருஷா வருஷம் சோதனை. முதலாளித்துவ நாடுதான், வீட்டு வாடகையைக் கேட்டால் தலை சுற்றும் நாடுதான். அங்கேயும் சும்மா வரவில்லை. ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயசுக் குழந்தை, ஓதம் பிடித்துப் பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் மூச்சு திணறி 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொல்லியிருந்தார்கள். விசாரணையில் பூஞ்சைதான் காரணம் என்று வந்தது. போராட்டம் நடந்தது. பொது வீட்டு வசதி நிறுவனங்கள் இத்தனை நாளுக்குள் ஓதத்தையும் பூஞ்சையையும் சரிசெய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நம்ம ஊரில் சுவர் ஓதம் அடிக்குதுன்னா ஓனர் என்ன சொல்வார்? "பீரோவை அந்தப் பக்கம் தள்ளி வைங்க."

நம்ம அனுபவமும் இதுதான். 2004ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. சாவு எண்ணிக்கை பெரிசாக இருந்தால் அரசு அசைகிறது. வாடகை வீட்டில் சாவு ஒண்ணு ஒண்ணாக, இரண்டு இரண்டாக நடக்கிறது. கணக்கில் வராமலே போகிறது. ஸ்டேஷனில் சந்தேக மரணம் என்று பதிவு, பிரேதப் பரிசோதனை, உறவினரிடம் உடல் ஒப்படைப்பு, கோப்பு மூடல். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து வருஷம் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு சொல்கிறது. அறுந்து தொங்கும் வயரைப் பற்றி மூன்று தடவை சொல்லியும் கண்டுகொள்ளாத ஓனரின் மேல் அந்தப் பிரிவு பாய வேண்டாமா? பாயவேண்டும் என்றால் அந்த மூன்று தடவை சொன்னதற்குச் சாட்சி வேண்டும்.

அதனால்தான் நம் கட்சி கேட்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிற அதே இணையதளத்தில் மின் பாதுகாப்புச் சான்றும் கட்டட நிலைச் சான்றும் ஏற்றினால்தான் பதிவு என்று ஆக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மறு ஆய்வு, பழைய கட்டடத்துக்கு இன்னும் சீக்கிரம். பாதுகாப்பு பற்றிப் புகார் கொடுத்தவரை ஒரு வருஷத்துக்குக் காலி செய்யச் சொல்லவோ வாடகையை ஏற்றவோ கூடாது என்று சட்டத்தில் எழுது. இது இல்லாமல் மற்ற எதுவும் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் பயந்தவர் புகார் கொடுக்க மாட்டார். அபாயக் கட்டடம் என்று நோட்டீஸ் கொடுத்தால் வாசலில் ஒட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு மாற்று இடம் கொடு. இத்தனையையும் முதலில் அரசு குடியிருப்புகளில் இருந்து ஆரம்பி.

அரசு அசையும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டைத் திறந்து பாருங்க. வரிசையாக இருக்கும் சுவிட்ச்களில் "டி" அல்லது "டெஸ்ட்" என்று எழுதிய சின்ன பட்டன் ஒன்று இருந்தால் அது ஆர்.சி.டி. பட்டனை அழுத்தினால் டப்பென்று கரண்ட் போகவேண்டும். போகவில்லை என்றால் அது கெட்டுப்போய்விட்டது. பட்டனே இல்லை என்றால் ஆர்.சி.டி.யே இல்லை. வேறு எதையும் நீங்களாகக் கழற்றிப் பார்க்காதீங்க, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, கம்பிக் கொடி, மாடிக் கைப்பிடிச் சுவர், தளத்தில் விரிசல் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்க. ஓனரிடம் வாயால் சொல்லிவிட்டு விடாதீங்க. மரியாதையாக, "ஐயா, அம்மா" போட்டே ஒரு கடிதம் எழுதி ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்க. வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பி வைங்க. எழுதத் தயக்கம் இருந்தால் நம்ம கிளைத் தோழர்களைக் கேளுங்க, எழுதித் தருவாங்க. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற தோழர்கள் அடுத்தவர் கேட்கும் வரை காத்திருக்காமல் இந்த மாச வாடகையிலேயே ஆர்.சி.டி. போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் பதிவின் கீழ் உங்கள் ஊர், வார்டு எண், வீட்டில் ஆர்.சி.டி. இருக்கா இல்லையா, இந்த மூணை மட்டும் எழுதுங்க. ஓனர் பேர், கதவு எண் எதுவும் வேண்டாம், அது உங்களுக்கே சிக்கல். இருபது நாள் கழித்து வார்டு வாரியாகத் தொகுத்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கிறோம். எந்தத் திங்கள் என்பதை மாவட்டக் குழுக்கள் தனியாக அறிவிக்கும். வரும்போது வீட்டு ஈ.பி. பில் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

#வாடகை_வீட்டுக்கும்_எஃப்சி